கொக்கிப் புழுவும் கிராமத் தொண்டும்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாளும் நமது பாடசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சில ராஜ்யங்களில் மட்டும் தொடங்கிப் பிறகு தேசமெங்கும் பரவிய ஏற்பாடு இது. ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையில் உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் என்னும் மருந்தில் 400 மில்லி கிராம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் பாதி. மறுநாள் பத்திரிகைகளில், மந்திரி ஒருவர் ஒரு சிறுமியின் வாயில் மாத்திரையை இடும் படம் வெளியாகிறது. நாமும் அப்படத்தை வெளியிடுகிறோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் படம் வெளியான தினத்திலிருந்து அடுத்த ஆறு மாதம் வரையில் அந்தச் சிறுமி எந்த மண்ணில் நடக்கிறாள், எங்கே ஒதுங்குகிறாள், அவளுடைய தாய்க்கு யார் மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்பார் ஒருவரும் இல்லை. தேசத் தொண்டு செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தோடு வந்து நம்மை வழி கேட்கும் இளைஞர்களுக்கு, இந்தக் கேள்வியிலேயே ஒரு வழி இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கொக்கிப் புழு என்பது அரை அங்குலம்கூட நீளமில்லாத, நூல் போன்ற ஒரு பிராணி. மனிதனுடைய சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அம்முட்டைகள் மலத்தோடு வெளியேறி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் விழுந்தால், ஓரிரு நாட்களில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளைக்குள் மனிதத் தோலைத் துளைக்கும் வல்லமை பெற்றுவிடுகின்றன. வாய்க்கால் கரை, தோப்பின் நிழல், ஊருக்குப் பின்புறமுள்ள புதர்க்காடு ஆகிய இடங்கள் அவற்றுக்கு மிகவும் உகந்தவை. அவ்வழியே வெறுங்காலோடு போகிறவனுடைய விரலிடுக்கில் நுழைகின்றன. இரண்டு நாள் நமைச்சல்; சேற்றுப் புண் என்று நினைத்து அவன் சும்மா இருந்துவிடுகிறான். புழுக்குஞ்சோ இரத்தத்தோடு கலந்து நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே வருஷக்கணக்கில் குடியிருக்கிறது.

ஒரு புழு குடிக்கும் இரத்தம் அற்பந்தான். தென்னாட்டில் பெருவாரியாகக் காணப்படும் இனத்தில், ஒரு புழுவினால் நாளொன்றுக்கு ஒரு மில்லி லிட்டரில் நூற்றில் மூன்று பங்கு நஷ்டமாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் குடலில் நூறு புழு இருந்தால் தினம் மூன்று மில்லி லிட்டர். மாதம் ஒன்றுக்குத் தொண்ணூறு. நமது பழைய அளவையில் சொன்னால் அரை ஆழாக்குக்குக் குறையாது. அரிசிச் சோறும் புளித் தண்ணீருமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு, பிள்ளை பெற்று, பால் கொடுத்து, பகலெல்லாம் குனிந்து நாற்று நடும் ஒரு ஸ்திரீ, மாதந்தோறும் அரை ஆழாக்கு இரத்தத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடன்காரனுக்கு அளந்து கொட்ட வேண்டியிருக்கிறது. 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்குச் சோகை இருக்கிறது. அத்தனையும் புழுவினால் வந்ததென்று சொல்ல நாம் துணியவில்லை. ஆகாரக் குறைவும் அடுத்தடுத்த பிரசவமும் அதற்குப் பெருங் காரணங்கள். ஆனால் வெறுங்காலோடு ஈர மண்ணில் உழைக்கிறவர்களுடைய சோகையில் புழுவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை வைத்தியர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நமது பாட்டிமார்கள் இதை ஒருவாறு அறிந்தே இருந்தார்கள். குழந்தை மண் தின்றால் வயிற்றில் பூச்சி என்று சொல்லி, வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்கச் செய்து, மறுநாள் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அவர்களுடைய மருந்தைப்பற்றி என்ன சொன்னாலும் நோக்கத்தைப்பற்றி ஏளனம் செய்வதற்கில்லை. நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கண்ணும் நகமும் வெளுத்து, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி, வரப்பின் மேல் உட்கார்ந்துவிடும் கூலிக்காரனைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்தோமே, அதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்? கூலியைக் குறைப்பதற்கு அது ஒரு நியாயமாயிற்று; வோட்டுப் போடத் தெரியாதவன் என்று இகழ்வதற்கும் நியாயமாயிற்று. அமெரிக்காவின் தென் பாகத்து ஏழைகளையும் இப்படித்தான் அந்நாட்டார் சோம்பேறிகள் என்று பரிகாசம் செய்துகொண்டிருந்தார்கள். ராக்பெல்லர் கொடுத்த பத்து லட்சம் டாலரைக் கொண்டு 1909-ஆம் வருஷத்தில் தொடங்கிய சுகாதாரக் கமிஷன் அவர்களுடைய மலத்தைப் பரிசோதித்த பிறகுதான், அந்தச் சோம்பலின் மூலகாரணம் கொக்கிப் புழு என்பது ஜனங்களுக்கு விளங்கிற்று.

இந்த விஷயத்தில் தமிழர்களாகிய நமக்குத் தனிப்பட்ட சரித்திரம் ஒன்று உண்டு. அதை நமது அரசியல் ஊழியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1916-ஆம் வருஷத்தில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து போன நம்மவர்கள். வியாதியை இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவர்கள்மீதே பழி போடப்பட்டது. செனோபோடியம் என்னும் பூண்டின் தைலத்தைக் கொடுத்துப் பேதிக்கும் மருந்து கொடுத்தார்கள். குடலிலிருந்த புழு செத்து விழுந்தது. சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். துரைமார்களுக்கு அதில் சந்தோஷமே. ஆனால் அடுத்த படியாக, ஒவ்வொரு லயத்துக்கும் கக்கூஸ் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டபோது சந்தோஷம் மறைந்துவிட்டது. செலவு அதிகம் என்றார்கள். கட்டினாலும் கூலிகள் உபயோகிக்க மாட்டார்கள் என்றார்கள். கக்கூஸ் போதிய அளவில் ஏற்படவில்லை. மருந்து குடித்தவர்கள் அதே லயத்துக்கே திரும்பிப் போய், அதே தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்கி, அதே மண்ணில் நடந்து, மீண்டும் புழுவை வாங்கிக்கொண்டார்கள். மருந்தினால் மட்டும் காரியம் ஆகாது என்பது அநுபவத்தில் நிச்சயமான பிறகு, 1926-ஆம் வருஷத்தில் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றை அமைத்து, பிரசவ உதவி, பாடசாலைப் பிள்ளைகளின் ஆரோக்கியம், கழிப்பிடம், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கத் தொடங்கினார்கள். பத்து வருஷமும் ஏராளமான திரவியமும் செலவழித்துக் கற்ற பாடம் அது. அந்தப் பாடத்துக்குப் பலகையாக இருந்தது நம்மவர்களுடைய குடல்.

இன்றைய மாத்திரை அன்றைய தைலத்தைவிட எவ்வளவோ மேலானது என்பதில் ஆட்சேபமில்லை. விலை சொற்பம், நமது தேசத்திலேயே செய்யப்படுகிறது, பத்தியம் இல்லை, பேதிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வேளை அல்பெண்டசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர்வரையில் கொக்கிப் புழு நீங்கிவிடுகிறது. ஆனால் மண் பழைய மண்ணாகவே இருக்கிறதே! பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2012-ஆம் வருஷத்தில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்து ஓராண்டு ஆவதற்குள் கொக்கிப் புழு முன்னிருந்த அளவில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது. நாக்குப் பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப் புழுவோ ஏறக்குறைய பழைய கணக்குக்கே வந்து நிற்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இதைக் கண்டுதான் போலும், சில அறிஞர்கள் மாத்திரை விநியோகமே வீண் என்று சொல்லப் புறப்பட்டிருக்கிறார்கள். கென்யா தேசத்தில் 1998-ஆம் வருஷம் முதல் சில பாடசாலைகளில் பூச்சி மருந்து கொடுத்ததில், பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் நாலில் ஒரு பங்கு குறைந்தன என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2004-ஆம் வருஷத்தில் எழுதினார்கள். அவர்களில் ஒருவராகிய மைக்கேல் கிரேமர் பின்னால் 2019-ஆம் வருஷத்து நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர். இதற்கு நேர் மாறாக, உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே அங்கன்வாடிகளின் மூலமாக ஆறு மாதத்துக்கொரு முறை மருந்து கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனையில், குழந்தை மரணம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2013-ஆம் வருஷத்தில் அறிவித்தார்கள். மொத்தத்தில் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் சராசரி எடையோ படிப்போ அதிகமாகக் கூடுவதாகத் தெரியவில்லை என்று காக்ரேன் கூட்டத்தார் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இவர்களுடைய கணக்கை நாம் குறை கூறவில்லை. ஆனால் சராசரி என்பது ஒரு விசித்திரமான பிராணி. ஊரில் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்குப் புழுவே இல்லாமலோ சொற்பமாகவோ இருந்து, இரண்டு பேருடைய வயிற்றில் நூற்றுக்கணக்கில் இருந்தால், அந்த இருவருக்கும் உண்டான நன்மை பத்துப் பேருக்கும் பங்கிடப்பட்டுக் காணாமற் போய்விடும். பெரும்பாலும் புழுவின் பாரம் ஊரில் ஒரு சிலருடைய குடலிலேயே குவிந்து கிடக்கிறது என்பது சாஸ்திரக்காரர்களே ஒப்புக்கொள்ளும் உண்மை. அந்த ஒரு சிலர் யார் என்று சர்க்கார் கணக்கில் இராது. கிராமத்தில் இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும். ஆகவே அறிஞர்களுடைய விவாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்வது, மாத்திரையைக் கைவிட வேண்டும் என்பதன்று. மாத்திரையோடு நின்றுவிடுகிறவன் அதிகமாகப் பெருமை பாராட்டிக்கொள்ளலாகாது என்பதுதான்.

அது நிற்க. யாருக்கு மாத்திரை கிடைக்கிறது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கிறது. அன்று வராதவனுக்கு ஒரு வாரம் கழித்து மற்றொரு நாள் வைத்திருக்கிறார்கள். எப்போதுமே வராதவன் என்ன செய்வான்? செங்கல் சூளையிலே தாய் தகப்பனோடு மண் மிதிக்கும் பிள்ளையும், கரும்பு வெட்டும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகும் பிள்ளையும் எந்தப் பள்ளியின் பட்டியலில் இருக்கிறார்கள்? மற்றொரு விஷயம். உருண்டைப் புழு சிறு பிள்ளைகளிடத்தில் அதிகம். கொக்கிப் புழு அப்படியன்று. அது வயதோடு கூடிக்கொண்டு போய், உழைக்கும் பிராயத்தில் உச்சத்தை அடைந்து, அங்கேயே நிற்கிறது. ஊரின் மண்ணில் முட்டையைச் சேர்க்கிறவர்களும், அந்த மண்ணிலிருந்து புழுவை ஏற்கிறவர்களும் பெரும்பாலும் வயது வந்தவர்கள். தமிழ்நாட்டில் அண்மையில் இருபது முதல் முப்பது வயது வரையுள்ள பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் நீங்கலாக, இத்திட்டத்தில் சேர்த்தது பாராட்டத்தக்கது. ஆயினும் முப்பத்தோராவது வயதில் புழு தானாக விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறதா? ஆண்மக்களிடம் அது வருவதில்லையா? வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் 2017-ஆம் வருஷம் முதல் திமிரிப் பகுதியிலும் ஜவ்வாது மலையிலும், குழந்தை முதல் கிழவர் வரையில் எல்லோருக்கும் வீடு வீடாகச் சென்று, ஆண்டுக்கு இருமுறையாக மூன்று வருஷம் மருந்து கொடுத்துப் பரிசோதித்தார்கள். அங்கே அவர்கள் கண்ட புழுக்களில் பெரும்பான்மை கொக்கிப் புழுவே. எல்லா வயதினரையும் ஒன்றாகக் கருதும் அந்த வழியை நமது தொண்டர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

கொடுப்பது வேறு, விழுங்குவது வேறு என்பதும் ஒன்று. யானைக்கால் வியாதியை ஒழிக்க 2004-ஆம் வருஷம் முதல் தேசத்தின் பல ஜில்லாக்களில் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்து வந்தபோது இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்தது. கொடுத்ததாக எழுதிய கணக்குக்கும் உள்ளே சென்ற கணக்குக்கும் வெகு தூரம். ‘எனக்கு வியாதி இல்லையே, நான் ஏன் சாப்பிட வேண்டும்?’ என்று கேட்டவர்கள் பலர். மயக்கம் வருமென்று பயந்தவர்கள் பலர். வாங்கி எரவாணத்தில் செருகி வைத்தவர்களும் உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. முன்பின் தெரியாத ஒருவன் திண்ணையில் ஏறி நின்று, இன்னதென்று சொல்லாமல் நீட்டுவதை வாங்கி வாயில் போட்டுக்கொள்வது அறிவின் அடையாளமா? தன் தகப்பனுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவன் வந்து சொன்னால் கேட்பார்கள். அவனே தன் மாத்திரையை அவர்கள் முன்னிலையில் மென்று விழுங்கிக் காட்டினால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

மகாத்மா காந்தி சம்பாரணுக்கு 1917-ஆம் வருஷத்தில் போனது நீலத் தோட்ட முதலாளிகளின் அக்கிரமத்தை விசாரிப்பதற்காக. போன இடத்தில் கிராமங்களின் அசுத்தத்தைக் கண்டு, பாடசாலைகளையும் வைத்திய உதவியையும் ஏற்படுத்தினார். இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தேவ் அதற்குப் பொறுப்பேற்றார். வைத்திருந்தவை மூன்றே மருந்துகள்: விளக்கெண்ணெய், கொயினா, கந்தகக் களிம்பு. படித்த வாலிபர்கள் கையில் துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார்கள். இவ்வளவும் நமது ஊழியர்கள் மேடையில் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்திதான். அவர்கள் எடுத்துக்காட்டாத பகுதி ஒன்று உண்டு. அந்த வேலை நிலைக்கவில்லை. தொண்டர்கள் குறிப்பிட்ட சில மாதங்களுக்கு என்று வந்தவர்கள். காலம் முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக நிலையாக இருக்கக் கூடியவர்கள் அகப்படவில்லை. காந்தியடிகளுக்கும் வேறிடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இதை அவரே தமது சுயசரித்திரத்தில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சென்ற இடத்திலேயே அப்படியென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் வந்து மாலையில் திரும்பும் நமது முகாம்களைப்பற்றி என்ன சொல்வது?

நிலைத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் நமது தேசத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்ற வியாதியை இன்றைய வாலிபர்கள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். குளத்திலோ படிக்கிணற்றிலோ குடித்த தண்ணீரோடு உள்ளே போய், ஓராண்டு கழித்து இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழுவாகக் காலில் புண்ணைத் திறந்துகொண்டு வெளியே வரும். அதற்கு மருந்தும் இல்லை, அம்மைப்பால் போன்ற தடுப்பும் இல்லை. குச்சியிலே சுற்றித் தினம் சிறிது சிறிதாக இழுப்பது ஒன்றே சிகிச்சை. 1984-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு உள்பட ஏழு ராஜ்யங்களில் ஏறக்குறைய நாற்பதினாயிரம் பேருக்கு இருந்தது. தண்ணீரைத் துணியால் வடிகட்டச் சொன்னார்கள். புண் உள்ளவன் கிணற்றில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். படிக்கிணறுகளை இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். குழாய்க் கிணறு தோண்டினார்கள். வருஷத்தில் பல தடவை வீடு வீடாகப் போய், ‘புழு யாருக்காவது இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசி நோயாளி 1996-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் நமது தேசத்துக்கு அந்நோய் நீங்கியதென்று அத்தாட்சி கொடுத்தது. மருந்தே இல்லாத நோய் ஒழிந்தது. மாத்திரை மலிந்து கிடக்கும் நோய் ஒழியவில்லை! தண்ணீரின் வழியை அடைத்தோம், மண்ணின் வழியை அடைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

மண்ணின் வழியை அடைப்பதென்றால் இரண்டு: காலுக்குச் செருப்பு, மலத்துக்குக் குழி. இரண்டும் எளிய காரியங்கள்போலத் தோன்றும். செருப்பு விஷயத்தை முதலில் பார்ப்போம். மேல் சாதியார் தெருவில் இன்னார் செருப்பணிந்து நடக்கலாகாது என்று தடுத்து வந்த கிராமங்கள் நம் நாட்டில் எத்தனை! இந்த நூற்றாண்டிலும் அத்தகைய செய்திகள் வருவது நின்றபாடில்லை. ‘வெறுங்காலோடு நடக்காதே’ என்று சேரியிலே பிரசங்கம் செய்கிற தொண்டன், ‘செருப்போடு நடந்தால் தடுக்காதே’ என்று ஊர்த்தெருவிலே சொல்லத் தயாரா? அப்படிச் சொல்லத் துணியாதவன் சுகாதாரப் பிரசாரம் செய்ய வேண்டாம். ஏழைக்குப் பரிகாசம் போலப் படும். தவிரவும், சேற்றில் இறங்கி நடவு செய்கிறவள் செருப்போடு இறங்க முடியாது. ஆகையால் குழிதான் முக்கியம்.

2014-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று தொடங்கி ஐந்து வருஷத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன என்று சர்க்கார் சொல்லுகிறது. அது சாமானியமான காரியமன்று; தாராளமாகப் பாராட்டுவோம். ஆனால் 2019-இல் தேசம் முழுவதும் திறந்தவெளி மலங்கழித்தல் ஒழிந்ததாக அறிவித்த பிறகும், முன்சொன்ன குடும்ப நல ஆய்விலே நூற்றுக்குப் பத்தொன்பது குடும்பங்கள் எவ்விதக் கழிப்பறையையும் உபயோகிப்பதில்லை என்று கண்டது. கட்டின அறையில் விறகு அடுக்கியிருப்பதைப் பலர் கண்டு சிரிக்கிறார்கள். ஏன் அடுக்கினார்கள் என்று கேட்பதில்லை. தண்ணீர் அரை மைலில் இருந்தால் யார் சுமப்பது? குழி நிரம்பினால் யார் அள்ளுவது? இந்த இரண்டாவது கேள்விதான் கிராமத்தானை வாட்டுகிறது; அதற்கு அவன் மனத்தில் உள்ள பதில் ஒரு சாதியின் பெயர். மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதை 1993-ஆம் வருஷத்துச் சட்டமும் 2013-ஆம் வருஷத்துச் சட்டமும் தடுத்திருக்கின்றன. தடுத்தும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் அதே சாதியாராக இருக்கிறார்கள். இரட்டைக் குழி வைத்துக் கட்டினால், ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, மூடியதை ஓரிரண்டு வருஷம் ஆறப்போட்டால், நாற்றமில்லாத எருவாகிவிடும். அதை வீட்டுக்காரனே மண்வெட்டியால் எடுத்து வயலுக்குப் போடலாம். இதை ஒருவன் வாயால் சொன்னால் எந்தக் குடியானவனும் நம்ப மாட்டான். மேல் சாதியில் பிறந்த ஒரு தொண்டன் ஊரார் பார்க்கத் தன் கையால் ஒரு குழியைத் திறந்து எருவை எடுத்துக் காட்டினால் பேச்சுக்கு இடமில்லை. நூறு மாத்திரை முகாம்களைவிட அது ஒன்று மேல் என்பது நமது அபிப்பிராயம்.

தொண்டு என்ற சொல்லைப்பற்றியும் ஒன்று சொல்லாமல் இருப்பதற்கில்லை. சர்க்கார் நடத்தும் இவ்வேலையில் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போகிறவர்கள் யார்? அங்கன்வாடிப் பெண்களும், 2005-ஆம் வருஷம் முதல் பல ராஜ்யங்களில் நியமிக்கப்பட்ட ஆஷா ஊழியர்களுந்தான். ஆஷாக்களைத் தொண்டர்கள் என்று அழைக்கிறார்கள். 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருது அளித்தபோது தேசமெல்லாம் பெருமை கொண்டாடிற்று. அவர்களுக்குச் சம்பளம் என்று கொடுப்பதில்லை. செய்த வேலைக்குத் தக்க ஊக்கத் தொகை என்று கொடுக்கிறார்கள். வீட்டில் நெல் உள்ளவன் தன் ஓய்வு நேரத்தை ஊருக்குக் கொடுப்பது தொண்டு. வீட்டில் உலை வைக்க வழியில்லாத ஸ்திரீயிடம் முழு நாள் வேலை வாங்கிக்கொண்டு, சம்பளம் கேட்டால் ‘நீ தொண்டர் அல்லவா?’ என்பதற்கு வேறு பெயர் உண்டு. அதைக் கண்ணியம் கருதி இங்கே எழுதாமல் விடுகிறோம். நமது இளைஞர்கள் இவ்வேலையில் இறங்கினால் அப்பெண்களுடைய கூலிக்குப் போட்டியாக இறங்கலாகாது. அவர்களுக்குத் துணையாக நின்று, அவர்களுடைய சம்பளக் கோரிக்கையையும் தங்கள் கோரிக்கையாக ஏற்க வேண்டும்.

இளைஞர்கள் என்ன செய்யலாம் என்றால், ஒருவன் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாவது விடாமல் போய்வரட்டும். பெரிய படிப்புத் தேவையில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்கலாகாது. கர்ப்பிணியை நர்ஸம்மாளிடம் அனுப்ப வேண்டும். இவை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுக்கொண்ட பிறகு ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். எந்த வீட்டில் கழிப்பறை இல்லை, எந்த வீட்டில் இருந்தும் தண்ணீர் இல்லை, எந்தச் சூளையில் எத்தனை பிள்ளைகள், வயது வந்தவர்களில் யார் யார் வெளுத்துப்போய் மூச்சு வாங்குகிறார்கள், அவர்களில் யாருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தமும் மலமும் பரிசோதித்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று எழுதி வரட்டும்.

கிராம சபை ஜனவரி 26-ந் தேதியும் ஆகஸ்டு 15-ந் தேதியும் கூடுகிறது. முன்னது பிப்ரவரி மாதத்து மாத்திரைத் தினத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வருகிறது. பின்னது ஆகஸ்டு மாதத்துத் தினத்தை ஒட்டி வருகிறது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்த பிறகு, அந்த நோட்டுப் புஸ்தகத்தை ஊர் நடுவில் உரக்கப் படிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஊராட்சித் தலைவருக்கு அது பிடிக்காமற் போகலாம். படிக்கிறவனுடைய கட்சிக்காரரே தலைவராக இருந்தால் இன்னும் சங்கடம். அப்படியும் படிக்கட்டும். தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கட்டும். அடுத்த கிராம சபையில் அதே பக்கத்தைத் திறந்து, எத்தனை வீட்டுக்குக் குழி வந்தது, எத்தனை வீட்டுக்கு வரவில்லை என்று மறுபடியும் படிக்கட்டும்.